கண் பாராமலே கை அறிய வேண்டிய சக்கரம்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தைப் பல ஆண்டுகளாகத் தவறாமல் படித்து வருகிறேன். அண்மையில் அதில் வெளிவந்த ஒரு புதிய காரின் மதிப்பீட்டுக் கட்டுரையில் நடுத்திரையின் அகலம், இருக்கைத் தோலின் நிறம், கூரைக் கண்ணாடியின் பரப்பு ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பத்திகள் ஒதுக்கப்பட்டிருந்தன. பயணம் முழுவதும் ஓட்டுநரின் கை பற்றியிருக்கும் ஸ்டீயரிங்குக்கோ ‘நவீனத் தோற்றம் கொண்டது’ என்ற ஒரே தொடர்தான் கிடைத்திருந்தது. 30 ஆண்டுகளுக்கும் மேலாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் என்ற முறையில் அந்த ஒரு தொடர் எனக்கு நிறைவளிக்கவில்லை. அந்தச் சக்கரம் எப்படி இந்த வடிவத்துக்கு வந்தது, இப்போது எந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது என்பதை வாசகர்கள் அறிந்தால், அடுத்த முறை ஒரு காரில் ஏறி அமரும்போது அதை வேறு விதமாகத் தொட்டுப் பார்ப்பார்கள் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன். கடிதம் சற்று நீளும்; பொறுத்தருள வேண்டுகிறேன்.

கார் பிறந்தபோது அதில் சக்கர வடிவ ஸ்டீயரிங் இல்லை. 1886-இல் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியில், முன்னால் இருந்த ஒற்றைச் சக்கரத்தைத் திருப்புவதற்கு நிமிர்ந்து நின்ற ஒரு தண்டின் உச்சியில் கைப்பிடி மட்டுமே இருந்தது. முன்னே இரண்டு சக்கரங்களை வைத்து, அவை இரண்டையும் ஒழுங்காகத் திருப்பும் வழி அவருக்கு அப்போது கைகூடாததே வண்டி மூன்று சக்கரத்தோடு நின்றதற்குக் காரணம். 1893-இல் அதற்குத் தீர்வு கண்ட பிறகே அவர் நான்கு சக்கரத்துக்கு வந்தார். அக்காலத்தின் மற்ற வண்டிகள் பலவற்றிலும், படகின் சுக்கானைத் திருப்பப் பயன்படும் கம்பியைப் போன்ற ஒரு நீண்ட கம்பிதான் திசைமாற்றும் கருவியாக இருந்தது. வண்டி மெல்ல ஊர்ந்த வரையில் அது போதுமானதாகவும் இருந்தது. வேகம் கூடியபோதுதான் அதன் குறை வெளிப்பட்டது. சக்கரம் ஒரு கல்லின் மீது ஏறினால் அந்த அதிர்ச்சி கம்பியின் வழியாக நேரே கைக்கு வந்து, பிடியையே பிடுங்கிவிடும். கை சற்றே அசைந்தாலும் வண்டி முழுவதும் பக்கவாட்டில் வெட்டிக்கொண்டு போகும்.

1894-இல் பாரிஸிலிருந்து ருவான் நகருக்கு நடந்த ஓட்டத்தில் ஆல்ஃபிரட் வஷெரோன் என்பவர் தமது பன்ஹார்ட் வண்டியில் கம்பியை நீக்கிவிட்டுச் சக்கரத்தைப் பொருத்தியிருந்தார். காரில் ஸ்டீயரிங் சக்கரம் பயன்பட்டதற்கு நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்றாகப் பொதுவாக அதையே குறிப்பிடுகிறார்கள். 1898-இல் பாரிஸ்–ஆம்ஸ்டர்டாம் ஓட்டத்துக்காக பன்ஹார்ட் நிறுவனத்தின் ஆர்தர் கிரெப்ஸ் வடிவமைத்த காரில் அந்தச் சக்கரம் ஓட்டுநரை நோக்கிச் சாய்த்து வைக்கப்பட்டது. மறு ஆண்டே அமெரிக்காவில் பேக்கார்ட் தனது காரில் சக்கரத்தைப் பொருத்தியது. ஆனாலும் கம்பி உடனே மறைந்துவிடவில்லை. 1901-இல் வெளிவந்து பெருமளவில் விற்பனையான வளைந்த முகப்புடைய ஓல்ட்ஸ்மொபீல் கம்பியைக் கொண்டுதான் ஓடியது.

கம்பியை வென்று சக்கரம் நிலைத்ததன் காரணத்தைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. கம்பியை மனிதனின் கை எட்டும் தூரம் வரைதான் தள்ள முடியும். அதற்குள்ளாகவே முன்சக்கரங்கள் முழுவதும் திரும்பியாக வேண்டும். வட்டத்துக்கோ தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. ஒரு கையை எடுத்து வேறோர் இடத்தில் வைத்தாலும் அங்கேயும் அதே பிடிதான் கிடைக்கும். ஆகவே அதை ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று என்று விரும்பிய அளவுக்குச் சுற்றலாம். பல சுற்றுகள் சுற்ற முடியும் என்றால் கைக்கும் முன்சக்கரங்களுக்கும் இடையே பற்சக்கரங்களைப் புகுத்தி, கையின் பெரிய அசைவைச் சக்கரத்தின் சிறிய திருப்பமாக மாற்றலாம். கனமான வண்டியையும் சிறு வலுவால் ஒடித்துத் திருப்பலாம். கல்லில் ஏறிய அதிர்ச்சியும் கைக்கு வந்து சேர்வதற்குள் தணிந்துவிடும். வட்டம் என்ற வடிவம் அழகுக்காக வந்ததன்று என்பதை என் மாணவர்களுக்கு முதல் நாளிலேயே சொல்லிவிடுவது என் வழக்கம். வண்டிச் சக்கரத்தின் நடுப்பகுதிக்குக் குடம், அதிலிருந்து வெளியே நீளும் கால்களுக்கு ஆரக்கால், வெளி வளையத்துக்கு வட்டை என்று நாம் வைத்திருக்கும் பெயர்கள் மூன்றும் ஸ்டீயரிங்குக்கும் அப்படியே பொருந்துவது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் செய்தி. இக்கடிதத்தில் அச்சொற்களையே கையாள்கிறேன்.

1908-இல் வந்த ஃபோர்டு மாடல் டி காரில், குடத்துக்கு அடியிலேயே பற்சக்கரத் தொகுதி ஒன்று அமைந்திருந்தது. வட்டைக்குக் கீழே இருபுறமும் இரண்டு சிறு கம்பிகள் நீண்டிருக்கும்; இடப்புறக் கம்பி எஞ்சினில் எரிபொருளைப் பற்றவைக்கும் தீப்பொறியின் நேரத்தை முன்பின்னாக மாற்றும், வலப்புறக் கம்பி எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும். ஸ்டீயரிங்கைவிட்டுக் கையை எடுக்காமலே வேறு வேலைகளையும் செய்யும் வசதி நம் காலத்தில் தோன்றியதாகப் பலர் கருதுகிறார்கள். நூறாண்டுக்கு முன்பே அது இருந்தது. அந்தக் கம்பிகள் எங்கே நிற்கின்றன என்பதை விரல் நுனியே சொல்லிவிடும் என்பதும் நினைவில் வைக்கத்தக்கது. அக்காலத்து வட்டைகள் மரத்தாலோ கடினமான ரப்பராலோ ஆனவை, மெல்லியவை, விட்டம் பெரியவை. உதவி செய்ய இயந்திரம் ஏதும் இல்லாத நிலையில், விட்டம் பெரிதானால்தான் கைக்கு வலு கிடைக்கும். 1930-களில் ஆரக்கால்களை மெல்லிய எஃகுக் கம்பிகளாகப் பிரித்து அமைத்து, சாலையின் நடுக்கம் விரலுக்கு வந்து சேராமல் அவற்றை நெகிழ வைத்தார்கள். பழைய கார்களின் கண்காட்சிகளில் இன்றும் பார்வையாளர்கள் விரும்பிப் படம் எடுத்துக்கொள்ளும் பகுதி அதுதான்.

நான் ஓட்டக் கற்றுக்கொண்ட காரிலும் பவர் ஸ்டீயரிங் கிடையாது. ‘நிற்கிற வண்டியில் ஸ்டீயரிங்கை ஒடிக்காதே, கொஞ்சம் உருளவிட்டு ஒடி’ என்பதுதான் எனக்குக் கற்றுக்கொடுத்தவர் சொன்ன முதல் பாடம். நின்ற இடத்திலேயே ஒடித்தால் டயரின் ரப்பர் தரையோடு தேய்ந்து இழுபடும், தோள் வலிக்கும், இணைப்புகளும் தளரும். அந்தக் காரின் வட்டை என் சுண்டுவிரல் அளவுக்கே தடித்திருந்தது. ஆனால் தார்ச்சாலை முடிந்து மண் சாலை தொடங்குவதையும், முன் டயரில் காற்று இறங்கியிருப்பதையும், ஈரமான இடத்தில் பிடிமானம் குறைவதையும் அது என் உள்ளங்கைக்கு உடனுக்குடன் உணர்த்தியது. பின்னாளில் எத்தனையோ வசதியான கார்களை ஓட்டியிருக்கிறேன். அந்த அளவுக்குத் தெளிவாகச் சாலையை எனக்கு உணர்த்தியவை மிகச் சிலவே.

பவர் ஸ்டீயரிங்கின் கதை 1926-இல் தொடங்குகிறது. அமெரிக்காவில் பியர்ஸ்-ஆரோ நிறுவனத்தின் லாரிப் பிரிவில் பணியாற்றிய பொறியாளர் ஃபிரான்சிஸ் டேவிஸ், எண்ணெயின் அழுத்தத்தைத் துணையாகக் கொண்டு ஸ்டீயரிங்கை இலேசாக்கும் முறையை அவ்வாண்டில் ஒரு காரில் பொருத்தி ஓட்டிக் காட்டினார். விற்பனைக்கு வந்த பயணியர் காரில் அது இடம்பெற 1951 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் கார் கிரைஸ்லர் இம்பீரியல். 1988-இல் சுசுகி செர்வோவில், எண்ணெய்க்குப் பதிலாக மின்மோட்டாரே உதவிக்கு வந்தது. தோள் வலுவில்லாதவர்களும் முதியவர்களும் பெரிய கார்களைச் சிரமமின்றி ஒடிக்க முடிந்தது இதனால்தான். அதைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனமில்லை. தொடக்க காலத்துப் பவர் ஸ்டீயரிங்குகள் மட்டும் கையின் வேலையோடு கையின் உணர்வையும் சேர்த்துப் பறித்துக்கொண்டன. ஒற்றை விரலால் சுற்றலாம் என்பது பெருமையாக விளம்பரம் செய்யப்பட்டது. சுற்றிய விரலுக்கோ சாலையில் என்ன நடக்கிறது என்பது தெரியவில்லை. வேகத்துக்கு ஏற்ப ஸ்டீயரிங்கின் பளுவைக் கூட்டிக் குறைக்கும் முறைகள் பிறகு வந்ததற்கு இதுவே காரணம். அந்த வகையில் 1970-இல் வந்த சித்ரோயன் எஸ்எம் மிகத் துணிவான முயற்சி. ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு இரண்டே சுற்று. வேகம் கூடக் கூடப் பளுவும் கூடும். கையை எடுத்தால் தானாகவே நேராகிவிடும்.

இனிச் சொல்லப்போவது இந்த வரலாற்றிலேயே என் மனத்தை அதிகம் தொட்ட பகுதி. பல பத்தாண்டுகளாக ஸ்டீயரிங் தண்டு, முன்புறத்திலிருந்து ஓட்டுநரின் மார்பை நோக்கி நீண்டிருந்த வளையாத எஃகுக் கம்பியாகவே இருந்தது. கார் எதிரே மோதினால் முன்பகுதி நசுங்கும். நசுங்கும் உலோகம் தண்டைப் பின்னோக்கித் தள்ளும். அதே கணத்தில் ஓட்டுநரின் உடல் முன்னோக்கிப் பாயும். ஈட்டியை நெஞ்சுக்கு நேரே நிறுத்திவைத்து ஓட்டியதற்கு ஒப்பான நிலை அது. பெரிய காயமின்றித் தப்பியிருக்கக்கூடிய மோதல்களில்கூட எத்தனையோ ஓட்டுநர்கள் இறந்தது இதனாலேயே. 1955-இல் வந்த சித்ரோயன் டிஎஸ் காரின் ஒற்றை ஆரக்கால் ஸ்டீயரிங், மோதலின்போது ஓட்டுநரின் உடலைத் தண்டிலிருந்து ஒருபக்கமாக ஒதுக்கிவிடும் என்று சொல்லப்பட்டது. 1956-ஆம் ஆண்டின் ஃபோர்டு கார்களில் குடத்தை வட்டையைவிட ஆழத்தில் தாழ்த்தி, கிண்ணம் போன்ற அமைப்பைக் கொடுத்தார்கள். நெஞ்சு முதலில் வட்டையில் பட்டு, அது வளைந்து அதிர்ச்சியை வாங்கிக்கொண்ட பிறகே குடத்தைத் தொடும் என்பது அதன் கருத்து. 1959-இல் மெர்சிடிஸ்-பென்ஸ் குடத்தின் மீது அகன்ற மெத்தையை வைத்தது. தண்டையே மடங்கும்படி அமைக்க வேண்டும் என்ற வழியில் நெடுங்காலம் உழைத்து, 1963-இல் காப்புரிமை பெற்றவர் அதே நிறுவனத்தின் பேலா பாரென்யி. 1967 மாடல் அமெரிக்கக் கார்களிலும் மோதலில் நசுங்கி ஆற்றலை உறிஞ்சிக்கொள்ளும் தண்டுகள் வந்தன. 1968 ஜனவரி முதல் நாளில் அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்த பாதுகாப்பு விதி, மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில் நடத்தப்படும் மோதல் சோதனையில் ஸ்டீயரிங் தண்டு 127 மில்லிமீட்டருக்கு மேல் பின்னோக்கி நகரக் கூடாது என்று வரையறுத்தது. ஏறத்தாழ ஒரு சாண் நீளத்துக்கும் குறைவான அந்த அளவு எத்தனை குடும்பங்களைக் காத்திருக்கும் என்று நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு.

அதன் பிறகு வந்தது ஏர்பேக். ஜான் ஹெட்ரிக் 1953-இல் காப்புரிமை பெற்ற எண்ணம் அது. 1970-களில் ஜெனரல் மோட்டார்ஸ் தனது சில கார்களில் அதைப் பொருத்திப் பார்த்துவிட்டுக் கைவிட்டது. 1981-இல் மெர்சிடிஸ் எஸ்-கிளாஸ், சீட் பெல்ட்டுக்குத் துணையாக ஸ்டீயரிங்கின் குடத்துக்குள் அதை மடித்து வைத்துக் கொடுத்த பிறகே அது வேரூன்றியது. மோதிய கணத்திலிருந்து ஏறத்தாழ 30 மில்லிவிநாடிக்குள், கண் இமைத்து முடிப்பதற்கு முன்பாகவே, அந்தப் பை விரிந்துவிடுகிறது. முன்பு ஓட்டுநரைக் கொன்ற அதே இடத்திலிருந்து அவரைக் காக்கும் கருவி வெளிவருகிறது என்பது பொறியியலின் மிகப் பெரிய சாதனைகளில் ஒன்று என்பேன்.

ஏர்பேக்கால் என் பாடத்தையும் நான் மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. ஸ்டீயரிங்கைக் கடிகார முகமாகக் கொண்டால் கைகள் பத்தையும் இரண்டையும் பிடிக்க வேண்டும் என்பதுதான் நான் கற்றதும் பல ஆண்டுகள் கற்பித்ததும். பெரிய வட்டையை மேலிருந்து இழுத்துச் சுற்ற அதுவே ஏற்ற பிடி. ஆனால் குடத்தின் மூடியைக் கிழித்துக்கொண்டு பை வெளிப்படும்போது மேலே இருக்கும் கைகள் முகத்தை நோக்கி வீசப்படலாம். எனவே ஒன்பதையும் மூன்றையும் பிடிக்குமாறு சொல்லத் தொடங்கினேன். மார்பெலும்புக்கும் குடத்துக்கும் இடையே குறைந்தது 25 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கத்தையும் சேர்த்துக்கொண்டேன். நான் முன்பு கற்றுக்கொடுத்தவர்களில் என்னால் தேடிச் சொல்ல முடிந்தவர்கள் ஒரு சிலரே. மற்றவர்களின் கைகள் இன்னும் பழைய இடத்திலேயே இருக்குமோ என்ற கவலை எனக்கு உண்டு. இக்கடிதம் அவர்களில் யார் கண்ணிலாவது பட்டால் நன்றியுடையவனாவேன்.

ஹாரனின் இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கை தானாகவே போய்த் தேடும் இடம் குடத்தின் நடு. 1958-இல் வெளிவந்த எட்செல் காரில் அந்த இடத்தில் கியர் மாற்றும் பொத்தான்களை வைத்தார்கள். ஹாரன் அடிக்க நினைத்த ஓட்டுநர்கள் கியரை மாற்றிவிட்டார்கள். ஓராண்டிலேயே அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. ஏர்பேக் குடத்தில் குடிபுகுந்தபோது அதே தவறு வேறு வடிவில் திரும்பியது. பல கார்களில் ஹாரன், நடுவிலிருந்து ஆரக்கால்களின் மீதிருந்த சிறு பொத்தான்களுக்கு இடம்பெயர்ந்தது. அத்தகைய ஒரு காரில் என் மாணவி ஒருவர் பயிற்சியில் இருந்தபோது, நிறுத்தியிருந்த வண்டிக்குப் பின்னாலிருந்து ஒரு சிறுவன் திடீரென்று சாலைக்கு ஓடிவந்தான். அவர் குடத்தின் நடுவை உள்ளங்கையால் ஓங்கி அழுத்தினார், ஒலியே எழவில்லை. நான் என் பக்கத்துப் பிரேக்கை மிதித்ததால் வண்டி நின்றது. அந்த மாணவியின் மீது எந்தத் தவறும் இல்லை. ஆபத்து நேரும்போது கை எங்கே போகுமோ அங்கே ஹாரன் இல்லை என்பதே தவறு. பிற்காலக் கார்களில் ஏர்பேக் மூடியையே அழுத்தக்கூடியதாக அமைத்து, ஹாரனை மீண்டும் நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

வடிவத்தை மாற்றும் ஆசையும் புதிதன்று. 1960-இல் கிரைஸ்லர் தனது சில கார்களில் மேலும் கீழும் தட்டையான, சதுரத்தை ஒத்த ஸ்டீயரிங்கை வைத்தது. 1973-இல் ஆஸ்டின் அலெக்ரோ, மூலைகள் மழுங்கிய சதுர ஸ்டீயரிங்கோடு வந்தது. அதன் வழியாகக் கருவிகளின் முகப்பு நன்றாகத் தெரியும் என்றும், தொடைக்கு இடம் கிடைக்கும் என்றும் சொன்னார்கள். வாங்கியவர்கள் அதை விரும்பவில்லை. சிறிது காலத்திலேயே வட்டம் திரும்பி வந்தது. 2021-இல் டெஸ்லா தனது மாடல் எஸ் காரில், மேல்பாதி இல்லாத, விமானத்தின் கைப்பிடியைப் போன்ற ஸ்டீயரிங்கைக் கொடுத்தது. 2023-இல் வட்ட ஸ்டீயரிங்கையும் மீண்டும் வழங்கத் தொடங்கியது. இம்மூன்றிலும் பிழை ஒன்றே. பல சுற்றுகள் சுற்ற வேண்டிய கருவியில், கை மாற்றிப் பிடிக்கும்போது எந்த இடத்திலும் ஒரே பிடி கிடைக்க வேண்டும். வண்டியை நிறுத்துமிடத்தில் வேகமாக ஒடிக்கும்போது, இருக்கும் என்று நம்பி நீட்டிய கைக்கு அங்கே வட்டையே இல்லை என்றால், கண் சாலையைவிட்டு ஸ்டீயரிங்குக்கு வந்தாக வேண்டும்.

பந்தயக் கார்களில் இத்தகைய வடிவம்தானே இருக்கிறது என்று சிலர் கேட்கிறார்கள். பந்தய ஓட்டுநர் ஸ்டீயரிங்கை ஒரு முழுச் சுற்றுக்கூடச் சுற்றுவதில்லை. அவருடைய கைகள் பிடித்த இடத்தைவிட்டு நகர்வதும் இல்லை. 1989-இல் ஜான் பர்னார்டு வடிவமைத்த ஃபெராரி காரில் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் கியர் மாற்றும் தகடுகளை வைத்ததும், கையை எடுக்காமல் கியரை மாற்றுவதற்காகத்தான். அவ்வாண்டு பிரேசில் பந்தயத்தில் நைஜல் மேன்செல் அந்தக் காரை ஓட்டி வென்றார். அதன் பிறகே அம்முறை மற்றவர்களிடமும் பரவியது. சந்து திரும்பவும் வண்டியை வளைத்து நிறுத்தவும் இரண்டு மூன்று சுற்றுகள் சுற்றும் நம் கார்களுக்கு அந்தப் பந்தய வடிவத்தின் தட்டையான அடிப்பகுதியால் பயனில்லை. கை நழுவிச் செல்லும் வழியில் ஒரு மூலை கூடுதலாகிறது, அவ்வளவே.

தண்டே இல்லாமல், மின்குறிப்புகளின் வழியாக மட்டும் முன்சக்கரங்களைத் திருப்பும் முறை வந்தால் இந்த வாதம் மாறக்கூடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். 2013-இல் இன்ஃபினிட்டி க்யூ50 அம்முறையோடு வந்தபோது, பழுது ஏற்பட்டால் உதவுவதற்காகத் தண்டையும், தேவையானபோது அதை இணைக்கும் கிளட்ச் ஒன்றையும் பின்துணையாக வைத்திருந்தார்கள். 2023-இல் வந்த டெஸ்லா சைபர்டிரக்கில் அந்தத் தண்டும் இல்லை; ஒரு முழுச் சுற்றுக்குள்ளாகவே சக்கரங்கள் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் திரும்பிவிடுகின்றன. சுற்றவே வேண்டாத கருவிக்கு வட்டம் கட்டாயமில்லை. தண்டு இல்லை என்றால் நெஞ்சுக்கு நேரே நின்ற அந்தப் பழைய ஆபத்தும் அடியோடு நீங்கும். ஆனால் சாலையின் உணர்வு இனி ஒரு மோட்டார் செயற்கையாக உண்டாக்கித் தருவதாகவே இருக்கும். அந்த மோட்டார் எதைச் சொல்ல வேண்டும், எதை மறைக்கலாம் என்பதை ஓட்டத் தெரிந்தவர்கள் முடிவு செய்ய வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

இப்போது எனக்கு உண்மையான வருத்தம் தருவது ஆரக்கால்களின் மேற்பரப்பு. ஒலியளவு, தொலைபேசி, வேகக் கட்டுப்பாடு ஆகியவற்றுக்கான பொத்தான்கள் ஸ்டீயரிங்கில் வந்தது நல்ல செயல். கை ஸ்டீயரிங்கைவிட்டு விலகாமலிருக்க அவை உதவின. அவை அழுந்தும்போது விரலுக்குத் தெரியும். ஒன்றின் மேடும் மற்றொன்றின் பள்ளமும் பழகிய விரலுக்கு அடையாளமாகும். அவற்றை எடுத்துவிட்டு, கைப்பேசித் திரையைப் போன்ற வழவழப்பான தொடுபரப்பைப் பதித்தபோது அந்த அடையாளங்கள் எல்லாம் அழிந்தன. அண்மையில் நண்பர் ஒருவரின் காரை ஓட்டிப் பார்த்தேன். வளைவில் ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்தபோது என் உள்ளங்கையின் அடிப்பகுதி அந்தப் பரப்பில் உரசி, பாட்டின் ஒலி திடீரென்று உயர்ந்தது. அதைக் குறைக்க எந்த இடத்தைத் தொட வேண்டும் என்று இரண்டு முறை குனிந்து பார்த்தேன். அந்த இரண்டு முறையும் வண்டி நகர்ந்துகொண்டுதான் இருந்தது. இத்தனை ஆண்டுகள் மற்றவர்களுக்கு ‘சாலையைப் பார்’ என்று சொன்னவனையே அந்தச் சிறு பரப்பு குனிய வைத்துவிட்டது.

மாற்றம் தொடங்கிவிட்டது என்பதும் உண்மை. தொடுபரப்புப் பொத்தான்களை ஸ்டீயரிங்கில் பரவலாக வைத்த ஃபோக்ஸ்வேகன், வாங்கியவர்களின் மனக்குறையைக் கேட்டு, அழுத்தும் பொத்தான்களுக்கே திரும்புவதாக 2022-இல் அறிவித்தது. ஐரோப்பாவின் மோதல் சோதனை அமைப்பான யூரோ என்கேப், 2026 முதல் இண்டிகேட்டர், ஆபத்து விளக்கு, வைப்பர், ஹாரன், அவசர அழைப்பு ஆகிய ஐந்துக்கும் கையால் இயக்கும் தனிக் கருவிகள் இருந்தால்தான் முழு மதிப்பெண் என்ற விதியை வகுத்துள்ளது. இண்டிகேட்டரை ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் கம்பியிலிருந்து எடுத்து, ஸ்டீயரிங்கின் மீதே பொத்தானாக வைத்த கார்களும் வந்திருப்பதால் இந்த விதி காலத்தால் செய்த உதவி. தண்டோடு நிற்கும் கம்பி எப்போதும் ஒரே இடத்தில் இருக்கும். ஸ்டீயரிங்கில் இருக்கும் பொத்தானோ, நீங்கள் ஒடித்த அளவுக்குச் சுற்றிக்கொண்டு போய்விடும். வட்டச்சந்தியில் பாதி ஒடித்த நிலையில் வெளியேறும் குறியைக் காட்ட முயன்றவர்களுக்கு இதன் துன்பம் தெரியும்.

ஆசிரியர் அவர்களே, தங்கள் வாகனப் பக்கத்தை எழுதுபவர்களிடம் நான் வேண்டுவது இதுதான். ஒரு காரை மதிப்பிடும்போது, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஹாரனும் இண்டிகேட்டரும் கைக்கு அகப்படுகின்றனவா என்று ஓட்டிப் பார்த்து எழுதட்டும். இரு பக்கமும் முழுவதும் ஒடித்து, உள்ளங்கை தவறுதலாக எந்தப் பொத்தானையாவது இயக்குகிறதா என்று பார்க்கட்டும். குட்டையானவர் ஒருவரையும் உயரமானவர் ஒருவரையும் அமர்த்தி, ஸ்டீயரிங்கை மேலும் கீழும் முன்னும் பின்னும் நகர்த்தி, இருவருக்கும் அந்த 25 சென்டிமீட்டர் இடைவெளி கிடைக்கிறதா என்றும், வேகமானியை வட்டை மறைக்காமல் இருக்கிறதா என்றும் சொல்லட்டும். வளைவு முடிந்து பிடியைத் தளர்த்தியவுடன் ஸ்டீயரிங் தானாக நேராகிறதா, ஈரச் சாலையில் பிடிமானம் குறைவதைக் கைக்கு உணர்த்துகிறதா என்பதும் அவசியம். இவற்றுக்குக் கருவி எதுவும் தேவையில்லை. அரை மணி நேரமும் கவனமுள்ள இரண்டு கைகளும் போதும். முன்பு குறிப்பிட்ட அந்தப் புதிய காரை என் பழைய மாணவர் ஒருவர் வாங்க எண்ணியிருக்கிறார். அதன் ஹாரன் நடுவில் இருக்கிறதா என்று அவர் என்னிடம் கேட்டார்; தங்கள் கட்டுரையை இருமுறை படித்தும் என்னால் அவருக்கு விடை சொல்ல முடியவில்லை.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகர்,
ஓய்வுபெற்ற கார் ஓட்டுநர் பயிற்றுநர்